அஜித் அணியின் கார் 'தள்ளும்'... உங்க வீட்டு கார் 'இழுக்கும்'! முன் டயர் மட்டும் ஏன் சீக்கிரம் தேயுது? ரேஸ் ட்ராக்கில் இருக்கும் பதில்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமார் ரேஸிங் அணி, 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அஜித் நின்ற வீடியோவைப் பார்க்காத போன் தமிழ்நாட்டில் இருக்காது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவு நேர ஃபார்முலா 4 கார்கள் சீறின. அதுவரை ரேஸ் பக்கமே திரும்பாதவர்கள்கூட 'டயர் தேய்மானம்', 'செட்டப்' என்று பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

கூடவே இன்னொன்றும் வந்தது. ரீல்ஸைத் திறந்தால் ஸ்விஃப்ட்டையும் போலோவையும் தரையோடு தரையாகத் தாழ்த்தி, சக்கரத்தைச் சாய்த்து வைத்து 'ரேஸ் செட்டப்' என்று காட்டுகிறார்கள். பார்க்க கெத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முன்சக்கர இழுவை காரில் ரேஸ் செட்டப் என்றால் உண்மையில் என்ன என்று தெரிந்தால், அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் மேலுமலை இறக்கத்தில் இறங்க யோசிப்பீர்கள். ஏன்? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை: தள்ளும் கார், இழுக்கும் கார்

அஜித் அணி ஓட்டிய போர்ஷே, சென்னையில் ஓடிய ஃபார்முலா 4 கார்கள், இரண்டுமே பின்சக்கர இழுவை. அதாவது இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகும். பின்னாலிருந்து காரைத் தள்ளும். முன் சக்கரங்களுக்குத் திரும்புவதுதான் முக்கிய வேலை.

நம்ம ஊர் அம்பாசிடரும் பத்மினியும் அப்படித்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் இந்திய நடுத்தரக் குடும்பத்துக்கு முன்சக்கர இழுவை பெரிய அளவில் அறிமுகமானது. இன்று ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, டியாகோ என்று ஓசூர் ரோட்டில் போகும் பெரும்பாலான சின்ன கார்கள் இந்த வகைதான். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஈக்கோ போன்றவை விதிவிலக்கு.

இதில் என்ன சிக்கல்? ஒரு டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வருவது ஒரே தொகைதான். அதிலேதான் வாடகை, மளிகை, இ.எம்.ஐ. எல்லாம் ஓட்ட வேண்டும். முன்சக்கர இழுவை காரில் முன் டயர்தான் காரை இழுக்கிறது, அதுதான் திருப்புகிறது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கையும் அதுதான் தாங்குகிறது. போதாததற்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. காரின் எடையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ முன்பக்கம்தான். பின் டயரோ விருந்தாளி மாதிரி கூடவே வருகிறது.

வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தால், திருப்புவதற்கு ஒதுக்கிய பிடிப்பில் இருந்து கொஞ்சத்தை இழுப்பதற்குக் கொடுத்துவிடுகிறீர்கள். விளைவு, ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வளைவுக்கு வெளியே நேராகப் போகும். 'அண்டர்ஸ்டீயர்' என்பது இதுதான். (இதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடிப் பார்த்தேன். 'திரும்ப மறுக்குது' என்பதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையவில்லை.)

ஓசூரில் இருந்து ட்ராக் வரை ஒரே ரோடுதான்

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்கு வண்டியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், ஏத்தர் எல்லாம் ஓசூரில். ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளி பக்கம். 1982-ல் தொடங்கிய டி.வி.எஸ். ரேஸிங் அணி, இந்திய பைக் ரேஸில் பெரிய பெயர்.

ஆனால் கார் ரேஸ் பார்க்க வேண்டும் என்றால் கிருஷ்ணகிரியில் சென்னை ரோட்டுக்குத் திரும்பி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். ஓசூரில் இருந்து ஏறக்குறைய 270 கி.மீ. அங்கேதான் இருங்காட்டுக்கோட்டை ட்ராக். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் திறந்த 3.7 கி.மீ. பாதை. சான்ட்ரோவில் தொடங்கி ஐ20 வரை தயாரித்த ஹூண்டாய் ஆலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். அதாவது முன்சக்கர இழுவை கார்கள் பிறக்கும் இடமும், அந்த வகை கார்கள் ரேஸ் ஓடும் இடமும் ஒரே ஊர்.

எஸ்டீம், ஹோண்டா சிட்டி, 2010-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கப் கார்கள், பிறகு டொயோட்டா எட்டியோஸ்... இங்கே 'டூரிங் கார்', 'ஒன் மேக்' ரேஸ்களில் ஓடிய பல கார்கள் ஷோரூமில் பார்க்கும் முன்சக்கர இழுவை கார்களின் ரேஸ் வடிவம்தான். ஃபார்முலா கார்களுக்குக் கிடைக்கும் கேமரா வெளிச்சம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் சாதாரண கார் ஓட்டுபவருக்குப் பயன்படும் விஷயம் இவற்றில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

ரேஸ் இன்ஜினியர் செய்யும் 'தலைகீழ்' வேலை

ரேஸில் முதல் சில சுற்றுகளில் முன்சக்கர இழுவை கார் வேகமாகத்தான் இருக்கும். பிரச்சினை கடைசிச் சுற்றுகளில். முன் டயர்கள் சூடேறி, ரப்பர் அளவுக்கு மீறி இளகி, மேல்பரப்பு உரிய ஆரம்பிக்கும். அதன்பிறகு கார் திரும்பாது. திரும்பவில்லை என்று டிரைவர் இன்னும் ஸ்டீயரிங்கை ஒடிப்பார். டயர் இன்னும் தேயும். ஒரு அளவுக்கு மேல் ஸ்டீயரிங்கை ஒடிப்பதால் பிடிப்பு கூடாது, சூடுதான் கூடும். இந்தச் சுழலில் சிக்காமல் கடைசி சுற்று வரை முன் டயரைக் காப்பாற்றுபவர்தான் ஜெயிப்பார்.

சரி, முன் டயரை எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். இன்ஜினியர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் பின்பக்கத்தில்!

பின் சஸ்பென்ஷனை இறுக்குவார்கள். கெட்டியான ஸ்ப்ரிங், தடிமனான ஆன்டி ரோல் பார். வளைவில் கார் சாயும்போது எடை வெளிப்பக்க டயர்களுக்கு மாறும். அந்த எடை மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரிப்பது இந்த இறுக்கம்தான். பின்பக்கத்தை இறுக்கினால் பெரும்பங்கைப் பின்பக்கம் ஏற்கும். முன் டயர்கள் இரண்டும் ஓரளவு சமமாகத் தரையைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, கார் மூன்று சக்கரத்தில் போகும் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது விபத்து இல்லை. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

இன்னும் எளிமையாகச் சொன்னால், பின்பக்கத்தின் பிடிப்பை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். பின்பக்கம் லேசாக வெளியே நழுவினால் காரின் மூக்கு தானாக உள்ளே திரும்பும். முன் டயருக்குத் திருப்பும் வேலை குறையும், சூடும் குறையும்.

அப்புறம் கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் அந்தக் கோணம். நம்ம ரோட்டு கார்களில் பெரும்பாலும் அரை டிகிரி, ஒரு டிகிரி இருக்கும். முன்சக்கர இழுவை ரேஸ் காரில் முன்பக்கம் 3 டிகிரியோ அதற்கு மேலோ வைப்பது சகஜம். காரணம், நம்ம கார்களில் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். வளைவில் கார் உருண்டு சாயும்போது இந்த அமைப்பில் டயரும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, வெளி ஓரத்தில் நின்றுவிடும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் டயர் சரியாகத் தட்டையாகத் தரையில் உட்காரும். நேர்ச்சாலையில் உள் ஓரம் தேயும்தான். ஆனால் ரேஸ் டயர் அரை மணி நேரம் உழைத்தால் போதுமே. உங்கள் டயர் 40,000 கி.மீ. உழைக்க வேண்டுமே!

கார் பிட்டுக்குள் வந்ததும் ஒருவர் ஓடிவந்து டயரில் ஒரு ஊசியைக் குத்துவதைப் பார்க்கலாம். அது வெப்பமானி. உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். தோசை எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்தே அடுப்புத் தீ எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதே கணக்கு. உள் ஓரம் ரொம்பச் சூடு என்றால் கேம்பர் அதிகம். நடுப்பகுதி சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு என்றால் காற்று குறைவு.

உலக அளவில் இந்தக் கணக்கோடு விளையாடிய கதைகள் நிறைய. 1964, 1965, 1967-ல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தது குட்டி மினி கூப்பர். 2015-ல் தொடங்கிய டி.சி.ஆர். ரேஸ்களில் ஓடுபவை முன்சக்கர இழுவை கார்கள்தான். அதே 2015-ல் நிஸான், லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸின் உச்சப் பிரிவில் முன்சக்கர இழுவை காரையே இறக்கிப் பார்த்தது. வேலை முழுக்க முன்னால்தான் என்பதால் முன் டயர்களைப் பின் டயர்களைவிட அகலமாக வைத்தார்கள். களமிறங்கிய மூன்று கார்களில் ஒன்றுகூட முடிவுப் பட்டியலில் இடம்பிடிக்கவில்லை. அதற்கு வேறு கோளாறுகளும் காரணம். ஆனாலும் துணிச்சலான முயற்சி!

அதே செட்டப் ரோட்டுக்கு வந்தால் என்ன ஆகும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பின்பக்கத்தைத் தளர்த்திய காரில் ஒரு குணம் உண்டு. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் பாயும். பின் டயர்கள் லேசாகி, பின்பக்கம் வெளியே வீசும். அந்த நேரத்தில் ரேஸ் டிரைவர் செய்வது நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. பயந்து பிரேக் பிடிக்க மாட்டார். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மிதிப்பார். முன் சக்கரங்கள் இழுக்க, கார் நேராகும்.

ரோட்டில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? குறுக்கே ஒரு லாரி வந்தால் காலை எடுப்போம், பிரேக்கை மிதிப்போம். மனுஷ இயல்பு அது. அதனால்தான் கார் கம்பெனிகள் சாலைக் காரை வேண்டுமென்றே 'திரும்ப மறுக்கும்' பக்கமாக வடிவமைக்கின்றன. முன்பக்கம் நழுவினால் காலை எடுத்தாலே வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவிடும். பின்பக்கம் நழுவினால் கார் சுழலும். பழக்கம் இல்லாத கையால் அதை மீட்பது ரொம்பக் கஷ்டம்.

ரேஸ் டிரைவர்களே இதில் மாட்டுவார்கள். முதல் சுற்றில் முன் டயர்கள் சீக்கிரம் சூடேறிவிடும். சும்மா கூட வரும் பின் டயர்கள் குளிர்ந்தே இருக்கும். அந்த ஒன்றிரண்டு சுற்றுகளில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. முன்சக்கர இழுவை கார்கள் ரேஸ் தொடங்கியதும் சுழன்று வெளியேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின் டயரைச் சூடேற்ற, இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வலது காலால் ஆக்சிலரேட்டர் கொடுப்பவர்களும் உண்டு.

இப்போது ஓசூர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகக் கீழே. சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் ரோடு இறங்கும். சேலம் போகிறவர்களுக்கு அதற்கப்புறம் விபத்துகளுக்கே பெயர்போன தொப்பூர் கணவாயும் இருக்கிறது. இறக்கத்தில் ஏற்கெனவே எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும், பின் டயர்கள் லேசாகியிருக்கும். அதோடு பிரேக், வளைவு, மழை. ரேஸ் ட்ராக்கில் வளைவுக்கு வெளியே மண் திட்டும் டயர் அடுக்குகளும் இருக்கும். இங்கே பக்கத்து லேனில் 40 டன் லாரி இருக்கும்.

ஸ்ப்ரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் என்றால் இன்னும் மோசம். சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைய இடமே இல்லாமல் ரப்பர் கட்டையில் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரம் பிடிப்பை இழக்கும். இது ரேஸ் செட்டப்பே இல்லை. பார்ப்பதற்கு அது மாதிரி, அவ்வளவுதான். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்போ ரேஸில் இருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

டயரைப் படிக்கும் பழக்கத்தை. வெப்பமானி தேவையில்லை, கையும் கண்ணும் போதும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி வைத்து முன் டயரைத் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட்டோ, சஸ்பென்ஷன் புஷ்ஷோ போயிருக்கலாம். ஒரு பக்கம் தடவினால் வழவழ, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரி கீறினால், அது 'டோ' கோணம் தவறு என்பதற்கான அடையாளம்.

டோ என்பது இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா, உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கின்றனவா என்பது. ரேஸில் கார் சட்டென்று திரும்ப வேண்டும் என்று லேசாக வெளியே திருப்பி வைப்பார்கள். ரோட்டில் அது டயரைத் தின்னும். எவ்வளவு என்று கேட்கிறீர்களா? ஒரு சக்கரம் நேர்திசையில் இருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது என்று கணக்கு. ஓசூரில் இருந்து இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் அந்த டயரை இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே இழுத்திருப்பீர்கள். பெரிய குழியில் 'டமார்' என்று விழுந்த அடுத்த வாரமே அலைன்மென்ட் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து காற்று. டயரின் சூடு 5 முதல் 6 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும். ரேஸில் இதைக் கணக்கிட்டுத்தான் குளிர்ந்த டயரில் குறைவாகக் காற்று வைத்து ஆரம்பிப்பார்கள். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, 'வெயில் காலத்துல காத்து கம்மியா வச்சா டயர் வெடிக்காது' என்று சொல்பவர்கள் நிறைய. தப்பு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து தானாகவே சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அதுதான் பெரிய காரணங்களில் ஒன்று. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அல்லது பக்கத்து பங்க்கில் பாருங்கள். அட்டிப்பள்ளி வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

மின்சார கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நெக்ஸான் இ.வி., டியாகோ இ.வி. இரண்டிலும் மோட்டார் முன்பக்கம்தான். பேட்டரி எடையும் உண்டு, மிதித்த நொடியில் முழு இழுவிசையும் உண்டு. சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிப் பாய்ந்தால் பெட்ரோல் காரைவிட வேகமாக முன் டயர் கரையும்.

புது டயர் இரண்டு வாங்கினால் எங்கே போடுவது?

இதைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டது, பின் டயர் பாதி இருக்கிறது. கையில் இரண்டு டயருக்குத்தான் காசு. முன்சக்கர இழுவை கார்தானே, வேலை எல்லாம் முன்னால்தானே, புதுசை முன்னால் போடு என்பதுதான் நம் கணக்கு. கேட்க நியாயமாகவும் இருக்கிறது.

மிஷெலின் உட்பட பெரிய டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறாக: புதுசைப் பின்னால் போடுங்கள். பாதி தேய்ந்ததை முன்னால் கொண்டுவாருங்கள். காரணம் மேலே படித்ததுதான். மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளம். புது டயரில் அது சுமார் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. பின்னால் தேய்ந்த டயரும் முன்னால் புது டயரும் இருந்தால், தேங்கிய நீரில் முன்பக்கம் பிடித்துத் திரும்பும், பின்பக்கம் மிதக்கும். ரேஸ் இன்ஜினியர் ஸ்ப்ரிங்கும் பாரும் போட்டு உருவாக்கிய அதே 'பின்பக்கம் நழுவும்' காரை, நீங்கள் தெரியாமலே டயர் கடையில் உருவாக்கிவிடுகிறீர்கள்.

முன்பக்கம் தேய்ந்தது இருந்தால் பரவாயில்லையா என்றால், அதுவும் 1.6 மி.மீ.-க்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும். ஆனால் முன்பக்கம் பிடிப்பு குறைந்தால் ஸ்டீயரிங் லேசாவதைக் கை உணரும், கால் தானாக எடுக்கும். பின்பக்கம் நழுவுவது தெரிய வரும்போது கார் பாதி திரும்பியிருக்கும்.

கடையில் 'ஃப்ரன்ட் வீல் டிரைவ் சார், புதுசு முன்னாடி போட்டாதான் நல்லது' என்று சொன்னாலும், பின்னால் போடச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் கார் கையேட்டில் சொன்ன இடைவெளியில் முன் டயரையும் பின் டயரையும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தால், நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். எதை எங்கே போடுவது என்ற கேள்வியே வராது. என்ன, நான்குக்கும் சேர்த்து ஒரே நாளில் பில் வரும்.